இயக்குநருக்கு முதுகு காட்டிய மூலக்கூறு

இருக்கன்குடி மாரியம்மன் மேல் ஆணை. இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் சாத்தூர் காராச்சேவின் ருசி என் நாக்குக்கு மறந்துபோகட்டும். விருதுநகர்க்காரன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது. நான் கண்ணால் பார்த்ததை, பார்த்தபடி எழுதுகிறேன். எழுதச் சொன்னவள் பஞ்சம்மாள். அவள் யார், ஏன் சொன்னாள் என்பது போகப்போகத் தெரியும்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே, தென்மண்டல மூலக்கூறு உயராய்வு நிலையம் இருக்கிறது. புது மருந்து கண்டுபிடிப்பது அதன் வேலை. ஏதோ ஒரு செடியின் வேரில் துளியூண்டு இருக்கிற பொருளை, செடியே இல்லாமல், சாதாரண ரசாயனங்களிலிருந்து படிப்படியாகக் கட்டி எழுப்புவார்கள். ஒரு படியில் ஒரு கார்பனை ஒட்டுவார்கள். அடுத்த படியில் வேறொன்றைக் கழற்றுவார்கள். வீடு கட்டுவது மாதிரிதான். ஒரே வித்தியாசம், ஒவ்வொரு மாடி ஏறும்போதும் கீழ்மாடியில் பாதி காணாமல் போய்விடும்.

அந்த நிலையத்தின் நெறிமுறைக் குழுவில் பொதுஜனம் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. அப்போதுதான் நான் மிளகாய் வற்றல் கமிஷன் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் எல்லாருக்கும் இடைஞ்சலாக உட்கார்ந்திருந்தேன். இயக்குநர் டாக்டர் ராஜபாண்டியன் நேரிலேயே வந்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு வேதியியல் தெரியுமா?”

“தெரியாது.”

“கொஞ்சங்கூட?”

“மிளகாயில காரம் இருக்குன்னு தெரியும். அது ஏன் இருக்குன்னு கேட்டா தெரியாது.”

“அருமை. நீங்கதான் வேணும்” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

என் வேலை சுலபமானது. கூட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, “பொதுமக்களுக்குப் புரிந்தது” என்று சொல்ல வேண்டும். நிர்வாக அலுவலர் பாலகுரு அதைப் பதிவு செய்வார். பிறகு டீ, காராச்சேவு. விஞ்ஞானத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நான் போவேன் என்று என் மனைவி கடைசிவரை நம்பவில்லை.

அங்கேதான் மாரிச்செல்வியைப் பார்த்தேன். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அரசுப் பள்ளியில் படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, அந்த நிலையத்தில் உண்மையாகவே குடுவையைக் கையில் தொடுகிற ஒரே ஆள். அவள் அம்மாதான் பஞ்சம்மாள். மகளைப் படிக்க வைப்பதற்காகப் பட்டாசு ஆலைக்குப் போனவள். ஒருநாள் தீப்பிடித்ததில் உயிர் தப்பினாள். இடது கை தப்பவில்லை. வெந்த தோல் ஆறும்போது சுருங்கி, விரல்களை உள்ளே இழுத்து, கை எப்போதும் எதையோ பொத்தி வைத்திருப்பது போல ஆகிவிட்டது. வெளியே வந்தால் அதை முந்தானைக்குள்தான் வைத்திருப்பாள்.

மாரிச்செல்வி கட்டிய மூலக்கூறு அந்தத் தழும்பை இளக்குகிற மருந்து. இளக்கும் என்று எதிர்பார்ப்பு. செய்து முடித்து, ஐதராபாத்தில் ஒரு சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். அவ்வளவுதான் அந்தப் பெண் கேட்டது. செய்ய விடுங்கள், அனுப்ப விடுங்கள்.

நிலையத்தின் வழக்கம் வேறு. அங்கே படிக்குப் படி விழா. ஒரு கார்பன் ஒட்டினால் திறப்பு விழா, ஒன்றைக் கழற்றினால் வழியனுப்பு விழா. ஒவ்வொன்றுக்கும் ஆய்வகத்துக்குள்ளேயே குத்துவிளக்கு.

“சார், உள்ள ஈதர் இருக்கு. பொறி பட்டாப் பிடிச்சிரும்” என்றாள் மாரிச்செல்வி.

“விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வோம்” என்றார் இயக்குநர்.

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குள் போகிறவனிடம் பீடியை மட்டுமல்ல, செல்போனையே வாங்கி வைத்துவிடுவார்கள். இங்கே வாசலில் தீப்பெட்டி கொடுத்தார்கள். கடைசியில் சமரசமாக, பேட்டரியில் எரிகிற குத்துவிளக்கு வாங்கினார்கள். அதற்கும் ஒரு விழா நடந்தது.

ஆயுத பூஜையன்று நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் நான் சத்தியம் செய்திருக்கிறேன். மூலக்கூறின் அமைப்பைப் பார்க்கப் பெரிய காந்தம் வைத்த இயந்திரம் ஒன்று தனி அறையில் இருக்கிறது. அதற்குத் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயும் அரிவாளுமாக ஒருவர் உள்ளே போனார். பூசணிக்காய் அவர் கையில் இருந்தது. அரிவாள் பறந்துபோய் இயந்திரத்தின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. நான்கு பேர் இழுத்தும் வரவில்லை.

இயக்குநர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். “கருவியே ஆயுதத்தை ஏற்றுக்கொண்டது” என்றார். மறுநாள் பத்திரிகைக் குறிப்பில் அது வந்தது. இயந்திரம் மூன்று மாதம் வேலை செய்யவில்லை என்பது வரவில்லை.

இதையெல்லாம்கூட அந்தப் பெண் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது குங்குமச் சிமிழ். விழாவுக்கு விழா, அந்தப் படியில் கிடைத்த பொருளில் ஒரு சிட்டிகையை வெள்ளிச் சிமிழில் வைத்துச் சிறப்பு விருந்தினருக்குக் கொடுப்பார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும். முதல் விருந்தினர் கண்ணை மூடி நெற்றியில் இட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எல்லாரும் அப்படியே. வேதியியலில் அவள் இழந்ததைவிட நெற்றிகளில் இழந்தது அதிகம்.

இந்த லட்சணத்தில் ஆடி மாதம் வந்தது. ஆடிப் பதினெட்டில் அடுத்த வருஷத்துக் காலண்டரை வெளியிடுவது சிவகாசியின் தொழில் வழக்கம். இயக்குநருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு பக்கம் தன் படம், மறு பக்கம் மூலக்கூறின் படம், கீழே ‘உலகுக்கு விருதுநகர் தந்த மருந்து’ என்று தினசரி காலண்டர்.

“சார், இன்னும் செஞ்சே முடிக்கலை” என்றாள் மாரிச்செல்வி.

“அடுத்த வருஷத்து அமாவாசையை இந்த ஆடியிலேயே அச்சடிக்கிறோமா இல்லையா? அது வராமலா போகிறது? அடுத்த வருஷத்துச் சாதனையை அடித்தால் மட்டும் என்ன?”

நான் எழுந்து பொதுமக்களுக்குப் புரிந்தது என்றேன்.

கார்த்திகை மாதம் அவள் உண்மையாகவே செய்து முடித்துவிட்டாள். சின்னக் கண்ணாடிப் புட்டியின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்ததை நான் பார்த்தேன். அதே வாரம் திருத்தங்கல் அச்சகத்திலிருந்து காலண்டர் கட்டுகள் வந்து இறங்கின. ஒன்றைப் பிரித்தாள். சிரிப்பு போய்விட்டது.

“இது தலைகீழா... இல்ல, இடம் வலம் மாறியிருக்கு. இது நான் செஞ்சது இல்ல.”

அவசரக் கூட்டம் கூடியது. அச்சகத்துக்கு அவள் வரைந்து கொடுத்திருந்த படத்தையும் காலண்டரையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அச்சக முதலாளி சங்கரபாண்டியனை அழைத்தார்கள். அவர் வெள்ளை வேட்டியில், கொஞ்சமும் கலங்காமல் வந்து உட்கார்ந்தார்.

“நாந்தான் திருப்புனேன். சார் படத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா, இந்தச் சாமான் அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கி. எங்க தொழில்ல அப்படி வைக்க மாட்டோம் பாத்துக்கிடுங்க. கல்யாண ஆல்பமோ கட்சி போஸ்டரோ, பக்கத்துல இருக்கது பெரியவரப் பாத்துத்தான் இருக்கணும். கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு. திரும்பிருச்சு.”

“மாலிக்யூலுக்கு ஏதுங்க முதுகு?” என்றாள் மாரிச்செல்வி.

“என்னத்தா இப்பிடிக் கேக்க? மயிலயே திருப்பி வச்சிருக்கோம். முருகன் ஒரு வார்த்தை சொல்லலையே.”

இயக்குநரின் முகத்தில் நெகிழ்ச்சி தெரிந்தது. “என் மேல் உள்ள மரியாதையில் செய்தது” என்றார்.

மாரிச்செல்வி விளக்கினாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினாள். கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. மருந்தும் அப்படித்தான். உடம்பு ஒரு கைக்கு அளவெடுத்த உறை. மாற்றுக் கையை நுழைத்தால் ஏறாது. சில சமயம் கேடும் செய்யும்.

யாருக்கும் ஏறவில்லை. அவள் கடைசியாக, “இடது கால் செருப்ப வலது கால்ல போட்டு நடந்து பாருங்க சார், தெரியும்” என்றாள்.

குழு முழுவதும் மேஜைக்கடியில் குனிந்து செருப்பை மாற்றியது. பேராசிரியர்கள் வரிசையாக அறையைச் சுற்றி நடந்தார்கள். ஒருவர் நொண்டினார். ஒருவர் தடுக்கி விழுந்து, விழுந்ததைப் பதிவு செய்ய வேண்டாம் என்று பாலகுருவிடம் கேட்டுக்கொண்டார். நானும் மாற்றிப் போட்டு நடந்தேன். எனக்கு வழக்கம் போலத்தான் இருந்தது. இயக்குநர் கதவு வரை போய்த் திரும்பிவந்தார். நெற்றியில் வேர்வை.

“கடித்தது. ஆனால் நடக்க முடிகிறது” என்றார். “பழகினால் சரியாகிவிடும்.”

பிறகு எழுந்து நின்று பேசினார். அந்தப் பேச்சை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“நண்பர்களே, அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளக்கூடியது. அதுதான் அதன் பெருமை. காலண்டர் அப்படியல்ல. ஒரு முறை அச்சடித்தால் அடித்ததுதான். இந்த இரண்டில் எது விட்டுக்கொடுக்க வேண்டும்? பெருந்தன்மை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். எனவே காலண்டரில் உள்ள மூலக்கூறையே நம் மாரிச்செல்வி செய்து கொடுப்பார்.”

“அது மருந்து இல்ல சார்.”

“மருந்துதான் என்று காலண்டரில் போட்டிருக்கிறது.”

“என் புட்டில இருக்கதை ஐதராபாத்துக்கு அனுப்பிருங்க. அதுக்கு அப்புறம் எதை வேணாலும் செய்யுதேன்.”

“காலண்டருக்கு முரணான ஒரு பொருளை நிலையத்தின் பெயரில் எப்படி அனுப்புவது? தை மாதம் வெளியீட்டு விழா முடியட்டும், பார்க்கலாம்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். நான் எழுந்து, “எனக்குப் புரியலை” என்றேன்.

பாலகுரு பேனாவை எடுத்தார், யோசித்தார், எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். “தமக்குப் புரியவில்லை என்பது பொதுமக்களுக்குப் புரிந்தது.” தீர்மானம் நிறைவேறியது. அன்று காராச்சேவு எனக்கு இறங்கவில்லை.

இதற்கிடையில், யாரையும் கேட்காமல், இயக்குநர் ஒரு கட்டு காலண்டரைப் பஞ்சம்மாள் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தார். ஜனவரி பிறந்த வாரத்தில் ஒருநாள் அவளை நிலையத்தின் வாசலில் பார்த்தேன். மகளுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள்.

“அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா? தெரு முழுக்க மாட்டியாச்சு. எங்க மேஸ்திரி வீட்டுலகூட. ஒவ்வொரு வீடா நானே போயி ஆணி அடிச்சேன்னு வச்சுக்கோங்களேன். எம் மக செஞ்சதுன்னு சொன்னா, அம்புட்டுப் பேரும் தொட்டுத் தொட்டுப் பாக்காக. இவ மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கிடுதா. என்ன கோளாறுன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கா.”

பின்னால் மாரிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். சோற்று வாளியை வாங்கும்போது அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சம்மாள் போனபின் என்னிடம் சொன்னாள்.

“வீட்டுக்குப் போகவே கூச்சமா இருக்கு அண்ணாச்சி. திரும்புற பக்கமெல்லாம் அது தொங்குது. தினம் தேதி கிழிச்சிட்டு ஒரு தடவ தடவிப் பாக்கா. தப்புன்னு எப்பிடிச் சொல்ல?”

தை பிறந்தது. நிலையத்தின் முன்னால் பந்தல். பட்டாசு முதலாளிகள், அச்சக முதலாளிகள், டெல்லியிலிருந்து ஒரு மேலதிகாரி. மேடையின் பின்னால் லாரி உயரத்துக்குக் காலண்டரின் படம். இயக்குநர் இந்தப் பக்கம், மூலக்கூறு அந்தப் பக்கம். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் கடைசி நாற்காலியில் பஞ்சம்மாள். புதுச் சேலை. அவள் தெருப் பெண்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு நான் ஒன்று கவனித்தேன். அவள் கையை முந்தானைக்குள் வைக்கவில்லை. சுருங்கிப்போன அந்த வலது கையை, எல்லாரும் பார்க்கிற மாதிரி, மடியில் எடுத்து வைத்திருந்தாள். இனி இதை மறைப்பானேன், மருந்துதான் வந்தாச்சே என்கிற மாதிரி.

மாரிச்செல்விக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள்.

“இந்தப் படம் தப்புங்க” என்றாள். “நான் செஞ்சது இது இல்ல. இது மருந்தே இல்ல. உங்க வீட்டுல மாட்டியிருக்கதும் தப்பு. முன்னாலயே சொல்லியிருக்கணும். எங்கம்மா ஆணி அடிச்சதைப் பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். மன்னிச்சிருங்க.”

தெருப் பெண்கள் பஞ்சம்மாளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த கையை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் மாரிச்செல்வி கத்தினாள். “அதத் தொடாதீக! அது மருந்து!”

முன்வரிசையில் வெள்ளிச் சிமிழ் போய்க்கொண்டிருந்தது. பெரிய விழா என்பதால் பாலகுரு புட்டியில் இருந்ததை முழுவதும் அதில் தட்டிவிட்டிருந்தார். டெல்லி அதிகாரி பயபக்தியோடு எடுத்து நெற்றியில் பட்டையாகப் பூசினார். சங்கரபாண்டியன் கழுத்திலும் பூசிக்கொண்டார். கை கையாக மாறி, கடைசி நாற்காலிக்கு வந்தது. பஞ்சம்மாள் நல்ல கையை நீட்டி வாங்கினாள். உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தால் சபைக்கு மரியாதை இல்லையே. வெறும் வெள்ளியை விரலால் ஒரு முறை துடைத்து, நெற்றியில் தொட்டுக்கொண்டு, அடுத்தவரிடம் கொடுக்கத் திரும்பினாள். அடுத்து யாருமில்லை. சிமிழை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் திணறுவார் என்று நினைத்தேன். எனக்கு அவரைத் தெரியவில்லை.

“எவ்வளவு அடக்கம் பாருங்கள்! தன் சாதனையையே தப்பு என்கிறார்! நம் விஞ்ஞானி சுட்டிக்காட்டிய சிறு நுணுக்கத்தை இந்த மேடையிலேயே தீர்த்து வைக்கிறேன். காலண்டருடன் வீட்டுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இலவசம். காலண்டரைக் கண்ணாடியில் பார்த்தால் மூலக்கூறு சரியாகத் தெரியும். அறிவியல் வென்றது!”

பலத்த கைதட்டல். கண்ணாடியில் பார்த்தால் தேதியும் திருப்பிப் போட்ட மாதிரி தெரியுமே என்று யாரும் கேட்கவில்லை. அதோடு, அதில் இயக்குநரும் திரும்பிக்கொள்வார். அப்போதும் மூலக்கூறு அவரையேதான் பார்க்கும்.

அடுத்த கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. “புதிய மருந்து மனிதர்களிடம் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. நெற்றியில் இட்டுக்கொண்ட பிரமுகர்களில் ஒருவருக்குக்கூட இதுநாள்வரை நெற்றியில் தீக்காயத் தழும்பு ஏற்படவில்லை.” நிலையத்துக்கு விருது வந்தது. மாரிச்செல்விக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. சோதனைக்கு அனுப்ப எதுவும் மிச்சமில்லை என்பதற்கு அவள்தான் பொறுப்பாம். அவள் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். இப்போது விழா வைக்க வருகிறவர்களுக்கு அவள் கதவைத் திறப்பதில்லை.

போன வாரம் பஞ்சம்மாள் தெருவுக்குப் போனேன். வீட்டுக்கு வீடு காலண்டர் சுவரைப் பார்த்துத் தொங்குகிறது. அட்டையின் முதுகுதான் தெரிகிறது. யாரும் தேதி கிழிப்பதில்லை. அன்றைக்கு என்ன கிழமை என்று பக்கத்துத் தெருவில் போய்க் கேட்டுக்கொள்கிறார்கள்.

“நாந்தான் ஒவ்வொரு வீடாப் போயித் திருப்பி வச்சேன்” என்றாள் பஞ்சம்மாள். “அவ இங்கன நடந்து வரும்போது தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தா அண்ணாச்சி. எம் புள்ளைக்கு எதுக்கு அந்தக் கூச்சம்? தப்புப் பண்ணவுக நிமிர்ந்துல்ல போறாக.”

பிறகு குரலைத் தாழ்த்தினாள். தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். இவளுக்கு மருந்து செய்யத் தெரியவில்லை, அதை மறைக்கப் படத்தின் மேல் பழி போட்டுவிட்டாள் என்று.

“கூட்டத்துல இருந்த பெரிய மனுசரு நீங்க ஒருத்தருதான். அவ வரைஞ்சு குடுத்ததையும் பாத்தீக, காலண்டரையும் பாத்தீக. ரெண்டும் வேற வேற தான? எம் மக சொன்னதுதான சரி? கண்ணால பாத்தேன்னு ஒரு சத்தியம் பண்ணி எழுதிக் குடுங்க. தெருவுல வாசிச்சுக் காட்டணும்.”

அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் மாரியம்மன் பேரில் தொடங்கினேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் கண்ணாலேயே பார்த்தேன்; இடம் வலம் மாறியிருந்தது; அந்தப் பெண் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. இதற்குக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

எனக்குப் பிறந்ததிலிருந்து இடது எது, வலது எது என்று தெரியாது.